கடும் நோயில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு என்ன கொடுக்கலாம், அவர்களோடு என்ன செய்யலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பத்தா சிறுநீரகச் செயலிழப்போடு தம் கடைசி பதினான்கு மாதங்களை எங்கள் வீட்டில் கழித்தார். அதன் பிறகு, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் ஆதரவுச் சிகிச்சைக் குழு ஒன்றோடு தன்னார்வலராகச் சில ஆண்டுகள் போய்வந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் பேரன் பேத்திகள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருந்து, உணவு ஆகியவற்றில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

உடல்நிலை மோசமாகியிருக்கும் தாத்தாவைப் பார்க்கப் போகிறேன். பழமும் இளநீரும் வாங்கிப் போனால் போதாதா?

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் வாங்கிப் போகும் பழம் அந்த வீட்டாருக்குச் சங்கடத்தைத்தான் தரும். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. நட்சத்திரப் பழத்தில் உள்ள ஒரு நச்சுப்பொருள் சிறுநீரக நோயாளிகளுக்கு நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடக்கூடும். இதயம் பலவீனமானவர்கள் பலருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் ஆகாது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பழச்சாறு போன்ற நீர்த்த பானங்கள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். கீமோதெரபி எடுத்துக்கொள்பவர் சிலருக்கு மல்லிகைப் பூவின் மணமே குமட்டும்.

ஆகவே புறப்படும் முன்னர், உடனிருந்து கவனிப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, 'இப்போது அவருக்கு எது இறங்குகிறது?' என்று கேட்டுவிடுங்கள். இரண்டு வாய் ரசம் சாதமோ, ஒரு சிறு கிண்ணம் இட்லிப் பொடியோ அவர் கேட்டுக்கொண்டே இருக்கும் பொருளாக இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு சமயம் கட்டிலுக்கடியில் பதினொரு இளநீர் சேர்ந்துவிட்டது. அப்பத்தாவால் ஒரு மடக்கும் குடிக்க முடியாது. பார்க்க வரும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்றை வெட்டிக் கொடுக்கச் சொல்லி, அவர்கள் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். வந்த பரிசுகளிலேயே அவர் மிகவும் அனுபவித்தது அந்த இளநீரைத்தான் என்று எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

உண்மையிலேயே பயன்படும் பொருள்கள் எவை?

படுக்கையில் இருப்பவரின் ஒரு நாளை நினைத்துப் பார்த்தால் விடை தானாக வரும். கையைத் தூக்க முடியாதவருக்கு முன்பக்கம் திறக்கும் தளர்வான பருத்திச் சட்டையோ நைட்டியோ பெரிய உதவி. இரவில் குரல் எழுப்ப முடியாதவருக்குக் கட்டிலருகே ஓர் அழைப்பு மணி வேண்டும். பூஜை அறையில் சும்மா இருக்கும் சிறு வெண்கல மணியே போதும். பகலா இரவா என்று குழம்புபவருக்குப் பெரிய எண்களும் கிழமையும் காட்டும் கடிகாரம், தலையைத் தூக்க முடியாதவருக்கு வளையும் உறிஞ்சுகுழல், கழிவறை வரை நடக்க முடியாதவருக்குக் கமோடு நாற்காலி ஆகியவை விலை குறைந்த பொருள்கள்தாம். ஆனாலும் பல வீடுகளில் இவை இருப்பதில்லை. தலைப்பக்கம் உயரும் கட்டிலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை; மாத வாடகைக்கே கிடைக்கும்.

நெடுநாள் படுத்திருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தை நல்ல பரிசு. ஆனால் மெத்தை வந்துவிட்டது என்று அவரைத் திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தைகளை வாங்காதீர்கள். அவை சுற்றியுள்ள தசைக்குப் போகும் இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் புண்ணைப் பெரிதாக்கும். விரிப்பாகப் போடப் பாட்டியின் பழைய பருத்திச் சேலைகளை நான்காக மடித்துத் தைத்துக் கொடுங்கள். பலமுறை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட அந்தத் துணியைவிடச் சருமத்துக்கு இதமானது கடையில் கிடைக்காது. அதில் அவருடைய வாசமும் இருக்கும்.

ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் மட்டும் ஒரு கண்டிப்பு தேவை. தீபம், ஊதுவத்தி, சாம்பிராணி, பிறந்தநாள் மெழுகுவத்தி எதுவும் அங்கே கூடாது. மூக்கருகே தைலமும் தடவக் கூடாது.

எது வேண்டும் என்று கேட்டால் 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்றே சொல்கிறார். என்ன செய்வது?

அவர் உண்மையைத்தான் சொல்கிறார். நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒரு வீட்டைத் தாங்கியவருக்கு இப்போது எல்லாமே பிறர் கையால் நடக்கிறது. சோறு வருகிறது, மருந்து வருகிறது, பழம் வருகிறது. அவரிடமிருந்து யாரும் எதையும் கேட்பதில்லை. 'பாரமாக இருக்கிறேன்' என்ற சொல்லை நான் கேட்காத வீடு மிகக் குறைவு. இந்த நிலையில் இன்னொரு பொருளை வாங்கிக் கொடுத்தால், அந்தப் பாரக் கணக்கில் இன்னொன்று சேர்கிறது.

எனவே கொடுப்பதைச் சற்றே நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். கீரையை ஒரு முறத்தில் வைத்து மடியில் கொடுத்து ஆய்ந்து தரச் சொல்லுங்கள். விரல்கள் இசைந்தால் பூக்கட்டச் சொல்லுங்கள். தொடுப்பு நெருக்கமாக இல்லாவிட்டாலும் அந்தச் சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போங்கள். விவசாயியாக இருந்த தாத்தாவிடம் எந்த வயலில் எந்த ரகம் போடலாம் என்று கேளுங்கள். கேட்டதோடு விடாமல் அவர் சொன்னதைச் செய்துவிட்டு வந்து விளைவையும் சொல்லுங்கள். தறியில் இருந்தவரிடம் இரண்டு சேலைகளைக் கொடுத்து எது கைத்தறி, எது விசைத்தறி என்று தொட்டுச் சொல்லச் சொல்லலாம். பால் கணக்கு, வாடகைக் கணக்கு எழுதும் நோட்டைப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். பொய்யாக ஒரு வேலையை உண்டாக்கிக் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள், அது அவர்களை அவமானப்படுத்தும்.

பாட்டியின் பேச்சைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

வயதானவர்கள் பழங்கதை பேசுவதை முதுமையின் தளர்ச்சி என்று மருத்துவ உலகம் ஒதுக்கிவைத்திருந்த காலம் உண்டு. வாழ்க்கை முடிவை நெருங்கும்போது கடந்ததைத் திரும்பிப் பார்ப்பது மனத்தின் இயல்பான, பயனுள்ள வேலை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய கட்டுரை அந்த எண்ணத்தை மாற்றத் தொடங்கியது. பின்னர் கனடாவைச் சேர்ந்த ஹார்வி சோச்சினோவ், இறுதிக் கட்ட நோயாளிகளிடம் சில கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்து, எழுத்தாக்கி, திருத்தி, நோயாளியிடமே படித்துக் காட்டி, அவர் விரும்பியவர்களிடம் சேர்க்கும் ஒரு முறையை உருவாக்கி, அதன் பயனை 2005இல் வெளியிட்டார். குடும்பத்துக்கு எதைச் சொல்லிவிட்டுப் போக விரும்புகிறார், எந்தக் காலத்தில் தாம் மிகவும் உயிர்ப்போடு இருந்ததாக நினைக்கிறார், எதைப் பெருமையாகக் கருதுகிறார் என்பவை அந்தக் கேள்விகளின் சாரம். அதைச் சிகிச்சையாகச் செய்யப் பயிற்சி வேண்டும். பேத்தியாக உட்கார்ந்து கேட்க எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

ஆனால் 'உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் பாட்டி' என்று தொடங்கினால், 'என்னத்தச் சொல்ல, எல்லாம் முடிஞ்சுபோச்சு' என்பதோடு பேச்சு நின்றுவிடும். கையில் பிடிக்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். 1957இல் அணா போய் நயா பைசா வந்தபோது கடையில் எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்த அன்று எங்கே இருந்தீர்கள், பள்ளியில் மதிய உணவு போட்டபோது என்ன போட்டார்கள், வீட்டுக்கு முதலில் மின்விளக்கு வந்த இரவு எப்படி இருந்தது, கல்யாணத்துக்கு முன்பு தாத்தாவைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். குடும்பத்தில் யாரேனும் 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்திருந்தால், அந்தக் கதையை இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது. குலதெய்வம் ஏன் அந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

இருபது நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். வலிக்கு உடனே செயல்படும் மார்ஃபின் மாத்திரை எடுப்பவரென்றால், அதைக் கொடுத்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். வலி அடங்கியிருக்கும் அந்த நேரத்தில்தான் பேச்சு வரும். கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டாமல் தலையணை ஓரத்தில் வைத்தால் போதும். மின்விசிறியின் இரைச்சலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அழுதால் உடனே பேச்சை மாற்றாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். எழுதும்போது அவருடைய வட்டார வழக்கை இலக்கணத் தமிழாகத் திருத்தி விடாதீர்கள். பதிவை அன்றைக்கே வேறோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள். கைபேசி தொலைந்துபோனால் திரும்பக் கேட்க வழி இல்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சுக்குள் சொத்து விஷயத்தைக் கொண்டுவராதீர்கள். உயில் எழுத வேண்டுமானால் இரண்டு சாட்சிகளோடு தனியாக, எல்லாருக்கும் தெரியும்படி எழுதட்டும். பேத்திக்கு மோதிரமோ சங்கிலியோ கொடுக்க ஆசைப்பட்டால், அதையும் நாலு பேர் முன்னிலையில் அவரே எடுத்துக் கொடுக்கும்படி செய்யுங்கள். பதிவுக் கருவியோடு தனியாக உட்கார்ந்திருந்த பேத்தியைச் சித்தப்பா சந்தேகத்தோடு பார்த்த வீடு எனக்குத் தெரியும். அதன் பிறகு அந்தப் பாட்டி பேசவே இல்லை.

பாட்டியின் கைமணத்தை எப்படிக் காப்பாற்றுவது? கேட்டால் 'கண்ணளவுதான்' என்கிறார்.

அவரை நாற்காலியோடு சமையலறை வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் சமையுங்கள். அவருடைய ஆழாக்கையே எடுத்து, அதில் எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால், ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்ற கணக்கில் மற்றவை வந்துவிடும். 'ஒரு கைப்பிடி' என்று சொன்னால் அவர் கையாலேயே அள்ளச் சொல்லி, அதை எடை போடுங்கள். புளி போதுமா என்பதை அவர் நுனிநாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். கீமோதெரபிக்குப் பிறகு நாக்கின் சுவை மாறியிருக்கும். அப்போது நிறத்தையும் மணத்தையும் வைத்தே சொல்வார், அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

தாத்தாவுக்கு மறதி நோய். என்னையே அடையாளம் தெரியவில்லை. நான் போய் என்ன பயன்?

முதலில், 'நான் யார் தெரியுதா, சொல்லுங்க பார்ப்போம்' என்று கேட்பதை நிறுத்த வேண்டும். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் இந்தத் தேர்வை வைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர் தோற்கிறார். 'தாத்தா, நான் உங்கள் பேரன், பெரியவனின் மகன் வந்திருக்கிறேன்' என்று நீங்களே சொல்லிக்கொண்டு உட்காருங்கள். பெயர் மறந்தாலும், உங்களோடு இருந்த ஒரு மணி நேரத்தின் நிறைவு, அது ஏன் வந்தது என்பது மறந்த பிறகும் நெடுநேரம் அவரிடம் நிற்கும்.

இந்த நிலையில் பாட்டைப் போல உதவுவது வேறொன்று இல்லை. மனிதர்களுக்குப் பொதுவாகப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகளே மிக அழுத்தமாகப் பதிந்திருக்கும். 1945இல் பிறந்தவரென்றால், 1955 முதல் 1975 வரை இலங்கை வானொலியிலும் டூரிங் டாக்கீஸிலும் கேட்ட பாட்டுகளைத் தேடி எடுங்கள். பக்தர்களுக்குப் பக்திப் பாடல், கட்சிக்காரராக இருந்தவருக்குக் கட்சிப் பாடல். ஆயிரக்கணக்கான பழைய பாடல்களை உள்ளேயே வைத்து, இணையம் இல்லாமல் ஒரு பொத்தானில் இயங்கும் கார்வான் போன்ற பெட்டிகள் கிடைக்கின்றன. பழைய வானொலிப் பெட்டியைப் போலவே இருப்பதால் அவற்றைப் பார்த்து அவர் மிரளுவதில்லை. துணி மடித்தல், பழைய படங்களைப் பார்த்தல் ஆகியவையும் நல்லவை. பல்லாங்குழி ஆடலாம், ஆனால் புளியங்கொட்டையையும் சோழியையும் அவர் வாயில் போட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தால் வேண்டாம்.

பக்கவாதத்தால் பேச்சு போய்விட்டது. எப்படிப் பொழுதுபோக்குவது?

பேச முடியாதவருக்குப் புரியவும் புரியாது என்று நினைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பலருக்கு நன்றாகவே புரியும். ஆம், இல்லை என்று தலையசைத்துச் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்டு, விடைக்காகப் பொறுமையாக இருங்கள். ஆடுபுலி ஆட்டத்துக்கும் தாயத்துக்கும் பேச்சு தேவையில்லை. இடது கையால் காய் நகர்த்தக் கற்றுக்கொண்டு, மகனைத் தொடர்ந்து நான்கு நாள் தோற்கடித்த ஒரு தாத்தாவைப் பார்த்திருக்கிறேன். பேச வராத சிலருக்குப் பாட வரும்; பழகிய பாட்டின் முதலடியைப் பாடிவிட்டு நிறுத்திப் பாருங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். எதை அனுப்புவது?

கூரியரில் வரும் பெட்டியைவிட, நாள்தோறும் ஒரே நேரத்தில் வரும் ஐந்து நிமிட அழைப்பு மதிப்புள்ளது. நேரம் குறித்திருந்தால் அதற்காகத் தலை சீவி, பொட்டு வைத்துக் காத்திருப்பார்கள். 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா' என்பதோடு முடிக்காமல், நீங்கள் இருக்கும் தெருவைக் காட்டுங்கள், சமைப்பதைக் காட்டிச் சந்தேகம் கேளுங்கள். காணொளி சோர்வைத் தருமானால், இரண்டு நிமிடக் குரல் செய்தியாக அனுப்புங்கள். வேண்டும்போது திரும்பப் போட்டுக் கேட்கலாம். பெரிய எழுத்தில் கைப்பட எழுதிய கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார்கள். வரப் போகிறீர்களா என்ற கேள்விக்கு நான் தயங்காமல் சொல்வது ஒன்றுதான்: காரியத்துக்கு வருவதற்காகச் சேர்த்துவைத்திருக்கும் விடுப்பையும் பணத்தையும், அவர் உங்களைப் பார்த்துப் பேசக்கூடிய இப்போதே செலவழித்துவிடுங்கள்.

சிறு குழந்தையை அழைத்துப் போகலாமா?

குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இல்லையென்றால் போகலாம். கீமோதெரபியால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் நாள்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். போகும் முன்னர் அங்கே என்ன பார்க்கப்போகிறது என்று குழந்தையிடம் சொல்லிவையுங்கள்: மூக்கில் குழாய் இருக்கும், முடி கொட்டியிருக்கும், பாட்டி தூங்கிக்கொண்டே இருக்கலாம். கையில் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பினால் அச்சம் குறையும். பாட்டி காகிதத்தில் புள்ளி வைக்கட்டும், குழந்தை கோலத்தின் கோட்டை இழுக்கட்டும். இருவர் உள்ளங்கையையும் மருதாணியில் தோய்த்து ஒரே துணியில் அடுத்தடுத்துப் பதிய வைத்த வீடொன்றில் அந்தத் துணி இன்றும் சட்டமிடப்பட்டுத் தொங்குகிறது.

'பாட்டி செத்துப்போயிடுவாங்களா?' என்று குழந்தை கேட்டால், 'ஆமாம், பாட்டிக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, மருந்தால் சரியாகாது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லலாம். தூங்கப் போகிறார், ஊருக்குப் போகிறார் என்று சொன்னால், பிறகு அந்தக் குழந்தை தூங்கவே அஞ்சும்.

தாத்தா பார்க்க வேண்டும் என்பதற்காகத் திருமணத்தை முன்கூட்டியே நடத்தலாமா?

முடிவான திருமணத்தின் நாளை முன்னே கொண்டுவருவது நல்லதே. முடிவாகாத ஒன்றை, தாத்தாவின் நோயைக் காட்டி ஒரு மாதத்துக்குள் பேசி முடிப்பது வேறு விஷயம். அந்தப் பேத்தி அடுத்த ஐம்பது ஆண்டுகள் வாழப்போகும் வாழ்க்கை அது. அத்தகைய நெருக்கடியில் இருப்பவர்களிடம், தாத்தாவையே தனியாகக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். 'என்னை வைத்து அவசரப்படாதீங்க' என்று சொன்ன பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

திருமணம் பெரிய மண்டபத்தில் என்றால், தாலி கட்டுவதை மட்டும் வீட்டில் அவர் கட்டிலருகே வைத்துக்கொண்டு வரவேற்பைப் பிறகு நடத்தலாம். முதல் பத்திரிகையில் மஞ்சள் தடவும் பொறுப்பும், மாங்கல்யத்தைத் தொட்டு ஆசி தரும் முறையும் அவருடையவை. அவற்றை மண்டபத்துக்குப் போய்த்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. எண்பது வயதைக் கடந்து ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்யும் சதாபிஷேகத்துக்கும் இதே கருத்துத்தான். குடம் குடமாகத் தலையில் நீர் ஊற்றும் சடங்கை நிமோனியாவிலிருந்து மீண்டவருக்குச் செய்ய வேண்டாம். தலையில் சில துளிகள் தெளித்து நிறைவு செய்யப் புரோகிதர்கள் இசைவார்கள்.

நோய் என்னவென்று பாட்டியிடம் சொல்லவில்லை. பிறகு எப்படி மனம்விட்டுப் பேசுவது?

'அவருக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதே பிற்பகலில், 'எனக்குத் தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே, தாங்க மாட்டார்கள்' என்று பாட்டி எங்களிடம் சொல்வார். பேரப்பிள்ளையாகிய நீங்கள் பெற்றோரின் முடிவை மீறிச் சொல்ல வேண்டியதில்லை. பொய் சொல்லாமல் இருந்தால் போதும். 'எனக்கு என்னடா ஆகப்போகுது?' என்று கேட்டால், 'நல்லாயிடுவீங்க' என்று வாயை அடைக்காமல், 'உங்களுக்கு என்ன தோணுது பாட்டி?' என்று திருப்பிக் கேளுங்கள். தொடர்வதும் நிறுத்துவதும் அவர் விருப்பம். நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் நோயின் பெயர் தேவையில்லை. சிறுவயதில் அவர் சுருக்குப்பையிலிருந்து காசு எடுத்ததை இப்போதே ஒப்புக்கொள்ளலாம். பெரும்பாலும் அவருக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார். அழைத்துப் போகலாமா?

மருத்துவர் மறுக்காவிட்டால் போங்கள். கூட்டமில்லாத நாளில், மாத்திரைகளையும் மாற்றுத் துணியையும் எடுத்துக்கொண்டு, பாதி வழியில் திரும்ப நேரலாம் என்ற மனத்தோடு போங்கள். முடியாவிட்டால் குலதெய்வக் கோயிலின் திருநீற்றையும் ஒரு பிடி மண்ணையும் கொண்டுவந்து கொடுங்கள். பங்குத்தந்தை வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுப்பார். இஸ்லாமியர் வீட்டில் பேரன் அருகமர்ந்து குர்ஆன் ஓதுவதைவிடப் பெரிய பரிசு எதுவும் இல்லை. பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பதும் இதே வகை ஆசைதான். பெரும்பாலும் அவர் கேட்பது ஒரு குளக்கரையோ ஒரு திண்ணையோதான். அதைக் காணொளியாக எடுத்து, அங்கிருக்கும் பழைய சிநேகிதி யாரையேனும் பேசவைத்துக் கொண்டுவரலாம்.

நினைவே இல்லை. இனி நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

உண்டு. பதிலளிக்காத நிலையில் இருந்த இறுதிக் கட்ட நோயாளிகள் சிலரின் மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியதைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வொன்று 2020இல் பதிவு செய்திருக்கிறது. எனவே கேட்கிறது என்றே கொண்டு பேசுங்கள். பெயரைச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். காலை மெதுவாகத் தடவிவிடலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கியிருந்தாலும், புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தாலும் அழுத்திப் பிடித்துவிடக் கூடாது. உதடும் நாக்கும் காயாமல் நனைந்த பஞ்சால் அடிக்கடி ஒற்றிக்கொண்டே இருப்பது, அந்த நேரத்தில் எந்தப் பேரனும் பேத்தியும் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை.

பால் ஊற்றும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழுங்க முடியாதவர் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றும் பால் நுரையீரலுக்குள் இறங்கி மூச்சுத் திணறலை உண்டாக்கும். பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று உதட்டில் ஒரு துளியைத் தடவினால், முறையும் நிறைவேறும், அவருக்கும் துன்பம் இராது. அந்த நேரத்தில் அவரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுபவரை அறையை விட்டு வெளியே அனுப்பும் வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டியைப் பார்த்துக்கொள்வது என் அம்மாதான். அவருக்கு ஏதேனும் செய்ய வேண்டாமா?

இந்தக் கேள்வியை மற்றவர்கள் மிக அரிதாகவே கேட்கிறார்கள். இரவில் மூன்று முறை எழுந்து பக்கம் மாற்றிப் படுக்க வைப்பவருக்கு உங்களால் கொடுக்க முடிந்த பரிசு, முழுதாக ஓர் இரவுத் தூக்கம். சனிக்கிழமை இரவு நான் பாட்டியோடு படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, முதல் நாளே மருந்து நேரங்களை அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பாட்டிக்கும் மகளையோ மருமகளையோ வருத்துகிறோம் என்ற எண்ணம் ஓர் இரவுக்கு இல்லாமல் இருக்கும்.

அரசின் உதவியையும் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வந்து செய்யும் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். 104 என்ற எண்ணில் அழைத்தும் விவரம் கேட்கலாம். அந்த அலைச்சலை அம்மாவிடம் விடாமல், இந்த வாரத்திலேயே நீங்கள் போய் முடித்துவிட்டு வாருங்கள்.